லைன் சுத்தம்

டுவெய்ன் ஹாக்கலாவுக்குத் தொலைபேசிக் கம்பெனி என்றால் ஆகாது. எங்கள் இரும்புச் சுரங்க ஊரில் ஒவ்வொருவருக்கும் திட்டுவதற்கென்று யாராவது உண்டு. சிலர் சுரங்க மேலாளர்களைத் திட்டுவார்கள், சிலர் மினியாபொலிஸ் நகரத்துக்காரர்களைத் திட்டுவார்கள், என் மாமியார் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவளைத் திட்டுவாள். டுவெய்ன் கம்பிக்காரர்களைத் திட்டுவான். இதில் கூத்து என்னவென்றால், அவன் தங்கை ஷெர்லீன் கட்டிக்கொண்டதே ஒரு கம்பிக்காரனைத்தான்.

அந்த ரூடி, கம்பெனிக்காக வடக்கே ஏரிச் சாலை முழுவதும் கம்பம் கம்பமாக ஏறி இறங்குகிறவன். ஞாயிறு மதியம் ஷெர்லீன் வீட்டு மேஜையில் மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பொழுது போகும். நான் பக்கத்து வீடு. பாதி ஞாயிறுகள் எனக்கும் அங்கேதான் சாப்பாடு.

"மாப்ள, நேத்து உங்க கம்பியில ஒரே கரகரப்பு. யாரோ உள்ள உக்காந்து காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி."

"மச்சான், அது கம்பி இல்ல. உங்க பேஸ்மென்ட்ல இருக்கிற எலி."

"எலிக்கு இருக்கிற அக்கறை உங்க கம்பெனிக்கு இருந்தா நான் ஏன் புகார் குடுக்கிறேன்?"

"குடுங்க, குடுங்க. நீங்க குடுக்கிற புகார்லதான் எனக்குச் சம்பளமே வருது."

ஷெர்லீன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை இருவருக்கும் நடுவில் 'டங்'கென்று வைப்பாள். அதோடு அடங்குவார்கள்.

டுவெய்னும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். நான் எக்ஸ்ரே எடுப்பவள். அவன் ஆஸ்பத்திரியில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் பழுது பார்ப்பவன். வீட்டில் அவனுக்கு இன்னொரு வேலை உண்டு. இன்டர்நெட் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. ஊர்க்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வழியாக அவன் பேஸ்மென்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு போன் போடுவார்கள். அங்கே ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் படிப்பார். மீன் எங்கே கடிக்கிறது, எந்தச் சாலையில் பனி மூடியிருக்கிறது, யார் வீட்டில் பழைய டிரக் விலைக்கு வருகிறது, எல்லாம் அங்கே கிடைக்கும். இப்படிப்பட்டதைப் போர்டு என்பார்கள், அறிவிப்புப் பலகை மாதிரி; அவன் தன் போர்டுக்கு வைத்த பெயர் 'வார்மிங் ஹவுஸ்'. பனிச்சறுக்குத் திடல் ஓரம் பிள்ளைகள் குளிர் காயும் குடிசைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அந்தப் போர்டை அவன் ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை. அவன் கல்யாணம் முறிந்ததற்கு அது காரணமில்லை என்று அவன் சொல்வான். நான் நம்புவதில்லை.

போர்டுக்குள் நுழைந்ததும் முதல் பக்கத்தில் அவன் எழுதிய உபதேசம் வரும். அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது, அதனால் எனக்கு மனப்பாடம். கம்ப்யூட்டருக்குள் மோடத்தின் வாசலில் ஒரு சிப் நிற்கிறது. கம்பி வழியாக வருகிற எழுத்துகளை வாங்கி உள்ளே கொடுப்பது அதன் வேலை. பழைய சிப்பின் கையில் ஒரு நேரத்தில் ஒரே ஓர் எழுத்துதான் நிற்கும். கம்ப்யூட்டர் வந்து வாங்கிக்கொள்வதற்குள் அடுத்தது வந்து விழுந்தால், முதலில் வந்தது போயே போச்சு. புதுச் சிப்பில் பதினாறு எழுத்து நிற்க இடமிருக்கிறது. கம்ப்யூட்டர் வேறு வேலையில் கொஞ்சம் அசந்துபோனாலும் எதுவும் தவறாது. ஆகவே வேகமான மோடம் வாங்கும் முன், பெட்டியைத் திறந்து உன் சிப்பைக் கண்ணால் பார். கடைக்காரன் சொல்வதை நம்பாதே, பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் நம்பாதே.

படித்துப் படித்து எங்கள் ஊரில் டிரக் ஓட்டுபவர்கள்கூட சிப்பின் எண்ணைச் சொல்வார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வடக்கே, டாமரக் லேக்கில் ஒரு சின்ன கிளினிக் உண்டு. எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொல்கிற டாக்டர் அங்கே இல்லை. ஆகவே அவர்கள் படத்தை ஸ்கேனரில் வைத்து மோடம் வழியாக எங்களுக்கு அனுப்புவார்கள், எங்கள் டாக்டர் எலினோர் பிரென்னன் திரையில் பார்த்துச் சொல்வார். இந்தப் பக்கத்தில் அதை வாங்குகிற கம்ப்யூட்டர், பில் போடும் பிரிவு வேண்டாமென்று தள்ளிவிட்ட ஒரு பழைய பெட்டி. டுவெய்ன்தான் அதற்கு மோடத்துக்கான சிப் வைத்த கார்டு ஒன்று போட்டு உயிர் கொடுத்தான். மோடம் மெதுவாக இருந்தவரை படங்கள் ஒழுங்காக வந்தன. அந்தக் குளிர்காலத்தில் இரு பக்கமும் வேகமான மோடம் வந்தது. அன்றிலிருந்து படங்கள் பாதியில் அறுந்தன. அறுந்தால் அந்த புரோகிராம் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாலு தரம் அனுப்பி ஒரு தரம் வரும்.

போர்டு நடத்துகிற கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எது அறுந்தாலும் முதலில் கம்பியைத்தான் சொல்வார்கள். இரைச்சல் என்பார்கள், ஈரம் என்பார்கள், கம்பெனி சோம்பேறி என்பார்கள். பத்தில் எட்டு தரம் அது உண்மையும்தான், அதனால்தான் பழக்கம் விடுவதில்லை. டுவெய்ன் கம்பெனிக்கு வாரந்தோறும் புகார் கொடுத்தான். கடைசியில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கையெழுத்தோடு ஒரு புகார் போனது. நோயாளிகளின் உயிர் சம்பந்தப்பட்டது என்று அதில் எழுதவைத்தான். கம்பெனி பயந்துபோய், ஏரிச் சாலைக் கம்பங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க ரூடியை அனுப்பியது.

பிப்ரவரியில் ஒரு நாள். காலையிலேயே வானம் தாழ்ந்து கிடந்தது, மதியத்துக்குள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த என் கார் தெரியவில்லை. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், நோயாளிகளை ஏற்றுகிற ஹெலிகாப்டரும் கிளம்பாது என்று பெரிய நகரமான டுலூத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அப்போது எங்கள் அறையில் டாமரக் லேக் போன் அடித்தது. பேசியவர் டாக்டர் கீத், அங்கே வந்து ஆறேழு மாதமான இளம் டாக்டர்.

"ஏரிச் சாலையில போன் கம்பெனி ஆள் ஒருத்தர் கம்பத்துலேருந்து விழுந்துட்டார். பனி தள்ற வண்டிக்காரர் பார்த்துக் கொண்டுவந்து போட்டுட்டுப் போனார். படம் அனுப்புறேன், டாக்டர் பிரென்னன் உடனே பார்க்கணும்."

"பேர் என்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

"ஸூபன். ரூடி ஸூபன்."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டர் பிரென்னனைக் கூப்பிட்டேன். கீத் நிலைமையைச் சொன்னார். விழும்போது தொண்டை எதிலோ மோதியிருக்கிறது, வீங்கிக்கொண்டே வருகிறது, மூச்சு இழுக்கிறது. வாய் வழியாகக் குழாய் போட வேண்டுமானால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும்.

"கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா சாய்ச்ச மாத்திரத்துல கைகால் மொத்தமா போயிடும் டாக்டர். படத்துல எனக்கு ஒரு கோடு தெரியுது. அது உடைவா நிழலான்னு என்னால சொல்ல முடியல. உடைஞ்சிருந்தா முன்கழுத்துல கீறித்தான் குழாய் வைக்கணும். நான் அதை இதுவரைக்கும் தனியா பண்ணினதில்ல. தேவையில்லாம கீற பயமா இருக்கு."

"படத்தை அனுப்புங்க" என்றார் பிரென்னன். "பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் கழுத்தை அசைக்காதீங்க."

டுவெய்னை பாய்லர் அறையிலிருந்து அழைத்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டபோது அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நேரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஷெர்லீன் வந்தாள். அவள் எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, கையில் மாவு. சுவரோரம் நின்றுகொண்டாள், நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

போன் பேச்சு ஒரு லைனில் இருக்க, இன்னொரு லைனில் படம் வர ஆரம்பித்தது. திரையில் எவ்வளவு வந்தது என்ற எண் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் பிழைகளுக்கென்று ஒரு கட்டம், அதில் ஒன்று, இரண்டு, ஐந்து. டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் பிழை ஒன்று கூடியது. டிஸ்க்கில் எழுதுகிற நேரத்தில்தான் கம்ப்யூட்டர் அசந்துபோகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கால்வாசி தாண்டியதும் அறுந்தது.

"மறுபடி அனுப்புங்க" என்றான் டுவெய்ன். மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தரம் இன்னும் சீக்கிரம் அறுந்தது.

டுவெய்ன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரிலிருந்த இன்னொரு போனை எடுத்துக் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டான். அங்கே பெவர்லி இருப்பாள், அவளோடு சண்டை போடுவது அவனுக்கு வாடிக்கை.

"பெவர்லி, டாமரக் லேக் லைன் ஒரே இரைச்சல். வேற கம்பிக்கு மாத்து, இப்பவே மாத்து. இங்க ஓர் உசுரு போயிட்டு இருக்கு."

மறுமுனையில் அவள் பேசுவது அறையிலிருந்த எங்களுக்கும் கேட்டது. சத்தமாகப் பேசுகிறவள்.

"டுவெய்ன், மதியத்துலேருந்து உன்னைத்தான் தேடிட்டு இருக்கேன். எங்க போய்த் தொலைஞ்ச? ரூடி விழறதுக்கு முன்னாடி கம்பத்துலேருந்து எனக்குப் பேசினார். முழு லைனையும் சோதிச்சுட்டாராம். லைன் சுத்தம், ஒரு கரகரப்பும் இல்ல. மச்சான்கிட்ட சொல்லு, அவர் பெட்டிக்குள்ள அவரையே பாக்கச் சொல்லுன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்." பிறகு, "அவருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

டுவெய்ன் போனை வைத்தான். யாரையும் பார்க்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் மூடியைக் கழற்றி, கார்டை உருவி எடுத்தான். நான் படம் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கேட்டான். சிப்பின் முதுகில் இருந்த எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். மூன்று தரம் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"இது பழசு, மார்லிஸ்" என்றான் என்னிடம்.

ஒரு பொட்டலமாகக் கார்டுகள் வாங்கியிருந்தான். முதல் கார்டைப் பிரித்துச் சிப்பைப் பார்த்தான், புதுசு. அதைத் தன் வீட்டுப் போர்டில் போட்டான். இரண்டாவதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். ஒரே பொட்டலம், ஒரே அச்சு, அதைப் பிரித்துப் பார்ப்பானேன் என்று இருந்துவிட்டான். ஊருக்கெல்லாம் படித்துச் சொன்னவன் பொட்டலத்தை நம்பிவிட்டான். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் கையில் இருந்ததை அவன் தலையில் போட்டிருப்பேன். ஷெர்லீன் நின்றதால் சும்மா இருந்தேன்.

"என்னண்ணே பழசு?" என்று கேட்டாள் அவள்.

அவன் மழுப்பவில்லை. அதை இன்றுவரை அவனுக்காகச் சொல்வேன். "லைன்ல ஒண்ணுமில்ல ஷெர்லீன். கோளாறு இங்கதான் இருந்திருக்கு. நான் போட்ட கார்டுல."

"அப்ப அவரு எதுக்குக் கம்பத்துல ஏறினாரு?"

ஸ்பீக்கரில் டாமரக் லேக்கிலிருந்து ஒரு மூச்சு கேட்டது, ஈரமான துணியைக் கிழிப்பதுபோல. அவளும் அதைக் கேட்டாள்.

"வேகத்தைக் குறைச்சா?" என்று கேட்டார் பிரென்னன்.

"குறைச்சா தப்பாம வரும் டாக்டர். ஆனா நாலு மடங்கு நேரம் ஆகும்."

"அவ்வளவு நேரம் என்கிட்ட இல்ல" என்றது ஸ்பீக்கரில் கீத்தின் குரல்.

"நல்ல சிப் என் வீட்ல இருக்கு. போர்டுல ஓடிட்டு இருக்கு. கார்டோட கொண்டுவந்தா அதை இந்தப் பெட்டிக்கு அமைக்கவே நேரம் போயிடும், சிப்பை மட்டும் மாத்தினா போதும்" என்றான் டுவெய்ன். பழைய கார்டையே திரும்பச் சொருகி, வேகத்தைக் குறைத்து, படத்தை மெதுவாக வரவிட்டான். "இது வந்துட்டு இருக்கட்டும். நான் எடுத்துட்டு வரேன்." கோட்டை மாட்டிக்கொண்டே ஓடினான்.

அவன் வீடு இரண்டு தெருத் தள்ளித்தான். ஆனால் அன்று இரண்டு தெரு என்பது சும்மா இல்லை. சறுக்குத் திடலின் மரத்தடுப்பைக் கையால் தடவிக்கொண்டே போனதாகப் பின்னால் சொன்னான். பேஸ்மென்டில் நாலு லைனும் நிறைந்திருந்தது. எந்தச் சாலையில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று ஊரே எழுதிக்கொண்டிருந்தது. போகிறேன் என்று ஒரு வார்த்தை தட்டாமல் பிளக்கைப் பிடுங்கினான். அதற்காக ஊர் அவனை ஒரு மாதம் ஏசியது. அவன் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

இங்கே நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிழைக் கட்டத்தில் பூஜ்யம்தான். ஆனால் ஏறுகிற எண் நத்தையாக நகர்ந்தது. ஷெர்லீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாவு எப்போதோ போய்விட்டது.

"மார்லிஸ், இன்னும் எவ்வளவு?"

"வந்துட்டு இருக்கு."

"எனக்கும் எண்ணு படிக்கத் தெரியும். மழுப்பாத."

டுவெய்ன் வந்தபோது புருவமெல்லாம் பனி. சுரங்கக்காரர்கள் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகிற பாஸ்டி என்ற இறைச்சிப் பணியாரத்தைச் சுற்றுகிற அலுமினியத் தாளில் சிப்பைப் பொதிந்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வந்திருந்தான். படம் அப்போது மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்கவில்லை.

சிப்பை மாற்ற வேண்டுமென்றால் வருகிற படத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வந்தது அத்தனையும் வீண். மாற்றும்போது சிப் போய்விட்டால் மெதுவான வழியும் முதலிலிருந்துதான். குளிர்காலத்தில் எங்கள் ஊர்க் காற்றில் ஈரமே இருக்காது, கம்பளிச் சட்டையோடு கதவுப் பிடியைத் தொட்டாலே விரலில் பொறி தெறிக்கும். அந்தப் பொறி ஒன்று போதும், சிப் செத்துவிடும். இதெல்லாம் டுவெய்னுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். காலையில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருப்பான். இப்போது தாளை மூடியபடியே பெட்டி முன் நின்றான்.

"நிறுத்தட்டுமா?" என்றான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

பிரென்னன் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, "கீத், எப்படி இருக்கார்?" என்றார்.

"உதடு நீலமாகிட்டு இருக்கு. நான் ஏதாவது ஒண்ணு பண்ணியே ஆகணும் டாக்டர். படம் இல்லாட்டியும் பண்ணணும்."

டுவெய்ன் அப்போதும் அசையவில்லை. அவன் வாழ்நாளில் ஒரு முடிவுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. தான் சொல்வதுதான் சரி என்கிற அந்தத் திமிர், எங்களையெல்லாம் இத்தனை வருஷம் எரிச்சல்படுத்திய திமிர், அவனை விட்டுப் போய்விட்டது. நானே அது திரும்பி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஷெர்லீன் சுவரை விட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே. நிறுத்து. மாத்து."

"ஷெர்லீன், இது போச்சுன்னா..."

"உன்னைத் திட்டறதுன்னா அப்புறம் திட்டிக்கிறேன். அதுக்கெல்லாம் வருஷக்கணக்கா நேரம் இருக்கு. இப்ப மாத்து."

அவன் நிறுத்தினான். கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனோடு ஜன்னலடி வெந்நீர்க் குழாயை இரு கையாலும் தொட்டான், உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்கு. திருப்புளியின் நுனியால் பழைய சிப்பை ஒரு முனையில் கொஞ்சம், மறு முனையில் கொஞ்சம் என்று நெம்பினான். அது வந்தது. மறுபடி குழாயைத் தொட்டான். தாளைப் பிரித்தான். அவசரத்தில் பேஸ்மென்டில் பிடுங்கியபோது சிப்பின் ஒரு கால் மடங்கியிருந்தது. நாற்பது கால்களில் ஒன்று, பூச்சிக்காலைவிட மெல்லிசு. ஒரு தரம் மடங்கியதை ஒரு தரம்தான் நிமிர்த்தலாம், இரண்டாம் தரம் ஒடிந்துவிடும்.

"உன் கையைக் குடு" என்றான் என்னிடம். "இதுல என் கையை நான் நம்பல."

நானும் குழாயைத் தொட்டேன். காயத்திலிருந்து முள் எடுக்கிற என் இடுக்கியால் அந்தக் காலைப் பிடித்தேன். அவன் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். "இழுக்காத, சாய்... இன்னும் கொஞ்சம்... போதும், போதும், விடு." நிமிர்ந்தது. அவன் சிப்பை அதன் இடத்தில் வைத்து இரு கட்டைவிரலாலும் சமமாக அழுத்தினான். கார்டு, மூடி இல்லாத பெட்டி, மின்சாரம். பழைய கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு எழுந்தது. அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

"கீத், அனுப்புங்க. முழு வேகத்துல."

எண் ஏறியது. டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. பிழை பூஜ்யம். கால்வாசி தாண்டியது. முன்பு அறுந்த இடத்தையும் தாண்டியது. டுவெய்ன் பனியனோடு முழங்காலிட்டுக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான், திரையைப் பார்க்கவே இல்லை. நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி. பூஜ்யம். முக்கால். பூஜ்யம். ஸ்பீக்கரில் இப்போது மூச்சுச் சத்தம் கேட்கவில்லை, அது நல்லதா கெட்டதா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

படம் மேலிருந்து கீழாக விரிந்தது. பிரென்னன் மூக்கு திரையில் படும்படி குனிந்தார்.

"உடைஞ்சிருக்கு. இரண்டாவது எலும்பு. தலையைச் சாய்க்கவே கூடாது. முன்கழுத்துல கீறுங்க கீத், நான் சொல்லச் சொல்லப் பண்ணுங்க. விரலை நடுவில வைங்க. மேடு தெரியுதா? அதுக்குக் கீழ ஒரு பள்ளம். அங்க."

அவர் சொன்னார், அங்கே அந்த இளைஞன் செய்தான். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏதோ உலோகத் தட்டில் விழுந்தது. ஒரு நர்ஸ் ஏதோ சொன்னாள். பிறகு ஒரு நீண்ட இரைச்சல்.

"காத்து போகுது" என்றார் கீத். "டாக்டர், காத்து உள்ள போகுது. கால் விரலை அசைக்கச் சொன்னேன், அசைக்கிறார்."

ஷெர்லீன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அழுதேன். டுவெய்ன் எழுந்து, பழைய சிப்பைத் தரையிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போடப் போனான், சட்டை இல்லை என்பது கை தடவியபோதுதான் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனான்.

ஷெர்லீன் சொன்னபடி அப்புறம் திட்டினாள். எங்கள் வீட்டுக்குக் கேட்டது. பிறகு ஈஸ்டர் வரை அவனோடு பேசவில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டுச் சாப்பாடு மூடி வைத்து என் கையில் கொடுத்தனுப்புவாள். ரூடி கழுத்து அசையாமலிருக்கத் தலையைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு வசந்தம் முழுவதும் உட்கார்ந்திருந்தான். இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. குரல் திரும்பியதும் டுவெய்னிடம் அவன் முதலில் சொன்னது, "மச்சான், பெட்டிக்குள்ள எலி இருந்துச்சா?" என்பதுதான். டுவெய்ன் சிரிக்கவில்லை. ரூடிதான் சிரித்து, வளையம் இழுத்து, முனகினான்.

அதற்கப்புறம் டுவெய்ன் மாறினான் என்று சொல்ல மாட்டேன். அதே திமிர்தான். போர்டின் முதல் பக்கத்து உபதேசம் மட்டும் காணாமல் போனது. கம்பெனியைத் திட்டுவதும் நின்றது.

அடுத்த குளிர்காலத்தில் டாமரக் லேக் படங்கள் மறுபடி அறுந்தன. டுவெய்ன் பெட்டியைத் திறந்தான், மூடினான். கார்டை மாற்றினான், மோடத்தை மாற்றினான், கேபிளை மாற்றினான். நானே போனை எடுத்துக் கேட்டுப் பார்த்தேன், காப்பிக்கொட்டை அரைக்கிற கரகரப்பு, காது கேட்காதவனுக்கும் கேட்கும்.

"டுவெய்ன், இது லைன்தான். கம்பெனிக்குச் சொல்லு."

"இல்ல, இங்கதான் ஏதோ இருக்கும். நான் பாக்கிறேன்."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுமை போய் நானே பெவர்லிக்குப் பேசினேன். மறுநாள் ரூடி எக்ஸ்ரே அறைக்கு வந்து வாசலில் நின்றான். கழுத்தைத் திருப்ப முடியாதாகையால் உடம்போடு திரும்பி மச்சானைப் பார்த்தான்.

"ஏரிப் பக்கம் கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கு. இங்கிருந்தே கேட்டிருக்குமே மச்சான். ஏன் என்னைக் கூப்பிடல?"

டுவெய்ன் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டா நீ ஏறுவியே மாப்ள" என்றான்.

"பின்ன? அது என் வேலை இல்லையா?"

டுவெய்ன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். நானும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பின்னால் போனேன். காற்று இல்லை, வெயில் அடித்தது, பனி கண்ணைக் கூச வைத்தது. ரூடி கம்பத்தில் ஏணியைச் சாத்தி, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். கம்பெனி ஏணி, அடியில் இரும்புப் பற்கள் உண்டு, யாரும் பிடிக்கத் தேவையில்லை. டுவெய்ன் இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ரூடி இறங்கி வந்து தரையில் கால் வைக்கிறவரை, மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான்.